கொல்லத் தெருவில் ஊசி விற்கிறார்கள்!

வாரத்தில் ஐந்து நாள் கணினி முன்னால், ஒரு நாள் கரி உலை முன்னால்... பொழுதுபோக்குக் கொல்லர்களின் கூட்டங்கள் நமக்குச் சொல்லும் சேதி

“கொல்லத் தெருவுல போய் ஊசி விக்கிறியா?” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேலி செய்வதைக் கேட்டிருப்பீர்கள். ஊசி செய்யத் தெரிந்தவனிடமே ஊசி விற்கப் போனால் யார் வாங்குவார்கள்?

வாங்குகிறார்கள்! அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வார இறுதிகளில் நடக்கும் சில கூட்டங்களில் விற்பவரும் கொல்லர், வாங்குபவரும் கொல்லர், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவரும் கொல்லர். பிக்-அப் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய சுத்தியல், குறடு, உளி, அரம் என்று பரப்பி வைத்திருப்பார்கள். பேரம் ஒரு பக்கம், அரட்டை மறுபக்கம்.

இவர்களில் பலருக்கு இது வயிற்றுப் பிழைப்பு இல்லை என்பதுதான் சுவாரஸ்யம். ஆசிரியர், தாதி, கணினி நிரலாளர், விவசாயி, ஓய்வுபெற்ற பொறியாளர் என்று எல்லாத் துறைக்காரர்களும் வருகிறார்கள். ‘இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை?’ என்று இன்னொரு பழமொழி இருக்கிறதே, அதையும் இவர்கள் விட்டு வைக்கவில்லை. ஈக்களாக வந்தவர்களே அந்தத் தொழிலைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

27 பேர் போட்ட பிள்ளையார் சுழி

ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் கொல்லுப்பட்டறை இருந்தது. குதிரைக்கு லாடம், வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை, கதவுக்குக் கீல், வயலுக்கு ஏர்க்கொழு என எல்லாம் அங்கிருந்துதான் வந்தன. பிறகு தொழிற்சாலைகள் வந்தன. குதிரை போய்க் கார் வந்தது. கடையில் மலிவாகக் கீல் கிடைக்கும்போது கொல்லரைத் தேடிப் போக யாருக்குப் பொறுமை? உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 1960களில் அமெரிக்காவில் இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஓர் இளைஞர் ஆசைப்பட்டால், சொல்லித்தர ஆள் கிடைப்பதே அபூர்வம்.

அந்தச் சூழலில் 1969இல் அலெக்ஸ் பீலர் என்பவர் கொல்லுத் தொழிலின் நுட்பங்களை விளக்கி ஒரு புத்தகம் எழுதினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1973இல், ஜோர்ஜியா மாநிலத்தின் லம்ப்கின் என்ற சின்ன ஊரில் 27 கொல்லர்கள் கூடினார்கள். அங்கே பிறந்ததுதான் ‘அபானா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் வட அமெரிக்கக் கலைக் கொல்லர் சங்கம். இன்று அதற்கு ஆயிரக்கணக்கில் உறுப்பினர்கள். மாநிலத்துக்கு மாநிலம் கிளை அமைப்புகள். 1978இல் பிரிட்டனிலும் இதே போன்ற சங்கம் உருவானது.

அப்போது அவர்கள் எடுத்த ஒரு முடிவு முக்கியமானது. தனக்குத் தெரிந்ததை மறைக்காமல் அடுத்தவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்பதே அது. தொழில் ரகசியத்தை மகனுக்கு மட்டும், அதுவும் கடைசிக் காலத்தில்தான் சொல்வது என்ற பழைய வழக்கத்துக்கு இது நேர் எதிர்.

இந்த மனப்பான்மைக்கு நல்ல உதாரணம் பிரான்சிஸ் விட்டேக்கர். 1906இல் பிறந்த இவர், பிலடெல்பியாவில் புகழ்பெற்ற இரும்புக் கலைஞர் சாமுவேல் யெல்லினின் பட்டறையில் இளம் வயதிலேயே வேலை பழகியவர். எண்பது வயதைத் தாண்டிய பிறகும் கொலராடோவில் இளையவர்களுக்குச் சுத்தியல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். தன் அனுபவத்தை அவர் ஒரு சமையல் புத்தகம் போலவே எழுதி வைத்தார். இந்த வளைவுக்கு எத்தனை அங்குலக் கம்பி வேண்டும், அந்த இலைக்கு எவ்வளவு இரும்பு பிடிக்கும் என்று கைப்பக்குவம் முழுவதும் அளவோடு அதில் இருக்கிறது. ‘கண்ணளவுதான், கையளவுதான்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும் நம் பாட்டிமார்களின் மீன் குழம்பு நினைவுக்கு வருகிறதா?

சூடு இருக்கும்வரைதான் வேலை

கூட்டம் பெரும்பாலும் ஒருவர் வீட்டுப் பட்டறையிலோ பழைய பண்ணைக் கொட்டகையிலோ நடக்கும். மடக்கு நாற்காலியை அவரவரே கொண்டு வருவார்கள். உலை, பட்டறைக்கல், தண்ணீர் வாளி முன்னால் இருக்க, அனுபவசாலி ஒருவர் செயல்விளக்கம் தருவார். பிறகு விரும்பியவர்கள் தாங்களே அடித்துப் பார்க்கலாம். மதியம் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டு வந்து கூடிச் சாப்பிடுவார்கள்.

வானொலிக்காரியான எனக்கு இவர்களின் செயல்விளக்கக் காணொளிகளில் மிகவும் பிடித்தது அதன் தாளம். கம்பி உலைக்குள் இருக்கும்போது அவர் பேசுகிறார். அடுத்து என்ன செய்யப்போகிறேன், ஏன் செய்யப்போகிறேன் என்று விளக்குகிறார். கம்பி வெளியே வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. மெல்லிய கம்பி என்றால் அரை நிமிடத்துக்குள் ஆறிவிடும். அதற்குள் அடிக்க வேண்டிய அடிகளை அடித்தாக வேண்டும். மீண்டும் உலை, மீண்டும் பேச்சு. ஒலிபரப்புக் கூடத்தில் மௌனம் வந்தால் நாங்கள் பதறிப் போவோம். இங்கே மௌனத்தில்தான் வேலை நடக்கிறது.

புதிதாக வருகிறவர் முதலில் கற்பது நிறம். மங்கலான சிவப்பில் இரும்பு பிடிவாதம் பிடிக்கும். ஆரஞ்சு நிறத்துக்கு வந்தால் சுமார் 1,000 டிகிரி செல்சியஸ், சுத்தியலுக்கு இணங்கும். இன்னும் ஏறி வெளிர் மஞ்சளாகும்போது இரண்டு துண்டுகளை அடித்தே ஒன்றாக ஒட்டிவிடலாம். அதையும் தாண்டினால் மத்தாப்பு மாதிரி பொறி பறக்கும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் இரும்பு எரிகிறது என்று அர்த்தம்! இதை வார்த்தையால் எவ்வளவு விளக்கினாலும் பாதிதான் புரியும். பக்கத்தில் ஒருவர் நின்று “இப்போ எடு!” என்று சொன்னால்தான் கண்ணுக்குப் பழகும்.

கத்திக்குப் பதம் ஏற்றுவதும் அப்படியே. சுமார் 770 டிகிரியில் எஃகு காந்தத்தில் ஒட்டும் தன்மையை இழந்துவிடும். சின்னக் காந்தத்தை வைத்தே இதைச் சோதிக்கலாம். அதற்குக் கொஞ்சம் மேலே சூடாக்கி எண்ணெயில் தோய்த்தால் எஃகு கெட்டிப்படும். ஆனால், அப்படியே விட்டால் கண்ணாடி போல உடையும். மீண்டும் 200 டிகிரிக்குச் சற்று மேலே மிதமாகச் சூடாக்கி, வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்தினால் கூர்மையும் உறுதியும் சேர்ந்து கிடைக்கும்.

தொப்பிக்குள் இரும்பு

இந்தக் கூட்டங்களில் ‘தொப்பிக்குள் இரும்பு’ என்று ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் கருவியோ, நல்ல எஃகுத் துண்டோ, தாங்களே அடித்துச் செய்த கொக்கியோ கொண்டு வந்து மேசையில் வைப்பார்கள். எல்லாரும் சீட்டு வாங்குவார்கள். குலுக்கலில் பெயர் வந்தவருக்குப் பொருள்; சீட்டுப் பணம் சங்கத்துக்கு. அடுத்த கூட்டத்துக்குக் கரி வாங்க, வெளியூரிலிருந்து வரும் பயிற்றுநருக்குச் செலவு கொடுக்க அந்தப் பணம் உதவும்.

முதன்முறை வருகிற இளைஞரிடம் கருவி இருக்காது. ஆனால் கொல்லுத் தொழிலில் ஒரு வசதி: கருவியைச் செய்யவும் அதே தொழில்தான் வேண்டும். முதலில் ‘எஸ்’ வடிவக் கொக்கி, அடுத்து ஓர் இலை, பிறகு புட்டி திறப்பான், அதன் பின் சொந்தக் குறடு. பட்டறைக்கல் வாங்க முடியாதவருக்குப் பழைய தண்டவாளத் துண்டே போதும். லோரியின் ஸ்பிரிங் பட்டை நல்ல கத்தியாகும். நம் ஊரில் பாராங் அடிப்பவர்களும் இந்தப் பட்டையை விரும்பி எடுப்பது இதனால்தான்.

இந்த நட்பு, சங்கத்தோடு முடிவதில்லை. மெம்பிஸ் நகரில் 1979இல் திறக்கப்பட்ட உலோக அருங்காட்சியகத்தில் ஆண்டுதோறும் பழுதுபார்ப்பு நாள்கள் நடக்கின்றன. பொதுமக்கள் உடைந்த விளக்கு, வளைந்த கரண்டி, பாட்டி காலத்துப் பாத்திரம் என்று கொண்டு வருவார்கள். பல ஊர்களிலிருந்து தொண்டூழியர்களாக வரும் உலோகக் கலைஞர்கள் ஒன்றாக உட்கார்ந்து சரிசெய்து கொடுப்பார்கள். 2016இல் முதல் உலகப் போரின் நினைவாக பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் பல நாட்டுக் கொல்லர்கள் கூடினார்கள். அவர்கள் எழுப்பிய நினைவுச் சின்னத்தைச் சுற்றிலும் கையால் அடித்த 2,016 இரும்புப் பாப்பிப் பூக்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் எதிரெதிரே நின்ற நாடுகளின் பிள்ளைகள், இன்று ஒரே உலையில் இரும்பைக் காய்ச்சினார்கள்.

பூட்டி வைத்த வித்தை

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை, நமக்கு என்ன என்று கேட்கலாம். நம் கதையும் இதில் இருக்கிறது.

ஈரோட்டுப் பக்கத்துக் கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இரும்பு உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. தென்னிந்தியக் கொல்லர்கள் இரும்பையும் இலை, மரத்துண்டுகளையும் மண்குகைக்குள் வைத்து மூடி, உருக்கி, மெதுவாக ஆறவிட்டுத் தயாரித்த எஃகு உலகப் புகழ் பெற்றது. ஐரோப்பியர்கள் அதை ‘வூட்ஸ்’ என்றார்கள். கன்னடத்து ‘உக்கு’, நம் ‘உருக்கு’ ஆகிய சொற்களின் உறவுக்காரச் சொல் அது. மேற்காசியாவில் அலை அலையாகக் கோலம் தெரியும் வாள்களுக்கு இந்த எஃகே மூலப்பொருள். மின்சார ஆய்வுகளால் புகழ்பெற்ற மைக்கல் பாரடேகூட 1820 வாக்கில் இதன் மர்மத்தை அறிய முயன்றவர்தான். அவர் ஒரு கொல்லரின் மகன் என்பது கூடுதல் செய்தி.

அப்படிப்பட்ட வித்தை 19ஆம் நூற்றாண்டில் மறைந்து போனது. மலிவான ஆங்கிலேய எஃகு ஒரு காரணம். வாள்களின் அலைக்கோலத்தைப் பொறுத்தவரை இன்னொரு காரணத்தைச் சொன்னவர்கள் இருவர்: அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் வெர்ஹோவன், புளோரிடாவில் குதிரைக்கு லாடம் அடிக்கும் கொல்லர் அல்பிரட் பென்ட்ரே. பல ஆண்டுகள் சேர்ந்து முயன்று, அந்தக் கோலத்தை மீண்டும் உருவாக்கிக் காட்டினார்கள். 1998இல் வெளிவந்த அவர்களின் ஆய்வின்படி, தாதுவில் மிக நுண்ணிய அளவில் கலந்திருந்த வனேடியம் போன்ற உலோகங்களே கோலத்துக்குக் காரணம். அந்தத் தாது கிடைக்காமல் போனபோது கொல்லர்களால் கோலத்தை வரவழைக்க முடியவில்லை. வராத ஒன்றைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது? ஓரிரு தலைமுறையில் வித்தையே மறந்து போனது என்பது அவர்கள் கருத்து.

நூற்றாண்டுகளாகச் சேர்ந்த அறிவு தொலைய ஐம்பது ஆண்டுகள் போதும். அதை மீட்க விஞ்ஞானியும் லாடம் அடிப்பவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருந்தது. பகிர்வின் அருமை இதுதான்.

ஆசை வந்துவிட்டதா?

2015இல் தொடங்கிய ‘போர்ஜ்ட் இன் பயர்’ தொலைக்காட்சிப் போட்டிக்குப் பிறகு, பலருக்கும் முதலில் கத்தி செய்யத்தான் ஆசை. அனுபவசாலிகளோ கொக்கியில் தொடங்கச் சொல்கிறார்கள். நம் நாட்டில் தகுந்த காரணமின்றி ஆபத்தான கத்தியோடு பொது இடத்தில் நடமாடுவது குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பாதுகாப்புக் கண்ணாடியும் காதடைப்பானும் கட்டாயம். பருத்தி உடை அணியுங்கள். பாலியஸ்டரில் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். துத்தநாகம் பூசிய குழாய், கம்பி எதையும் உலையில் வைக்கவே கூடாது. அதன் புகை நுரையீரலைப் பாதிக்கும். அடுக்குமாடி வீட்டுப் பால்கனி இதற்கு ஏற்ற இடமல்ல. அண்டை வீட்டார் சும்மா இருக்க மாட்டார்கள்!

உங்களுக்கு இரும்பில் நாட்டம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பால்மரம் வெட்டும் கத்தியைத் தீட்டுவதில் கைதேர்ந்த தாத்தா, தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் முப்பது ஆண்டு வெல்டிங் செய்த பெரியப்பா, தறி ஓட்டிய ஆயா, நகை செய்த மாமா என்று நம் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். அவர் கை அறிந்தது வேறு யாருக்கும் தெரியாது. அவரும் “இதெல்லாம் இந்தக் காலத்துக்கு எதுக்குப்பா?” என்று சொல்லித் தட்டிக் கழிப்பார்.

விடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடும் நண்பர்கள் நாலு பேரோடும் போய் உட்காருங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்யலாம், தவறில்லை. ஆனால் பதிவோடு நிறுத்திவிடாமல் கருவியை அவர் கையிலிருந்து உங்கள் கைக்கு வாங்குங்கள். சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டு போனால் போதும், கூட்டம் களை கட்டிவிடும்.