ஒட்டோ ஹப்பா, மெனுவல் ஹப்பா? ஃபோர் வீல் கெப் வைத்திருப்போர் அறிய வேண்டியவை

நமது வியாபாரிகளில் பலருக்குப் பழைய ஃபோர் வீல் கெப் வாகனமே தொழிலின் முதுகெலும்பு. வெலிமடைப் பக்கம் தோட்டப் பாதைகளில் இறங்கி மரக்கறி ஏற்றுபவர்கள், அம்பாறை மாவட்டத்தில் வயல்வரை சென்று நெல் கொள்வனவு செய்பவர்கள், கல்பிட்டிக் கடற்கரை மணலில் மீன் பெட்டி ஏற்றுபவர்கள் எனப் பலரும் இவற்றையே நம்பியிருக்கிறார்கள். 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கையில் இருந்ததைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. அந்தப் பழைய வாகனங்கள் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

உதிரிப்பாக வியாபாரம் செய்பவன் என்ற வகையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "முன் சில்லின் ஒட்டோ ஹப் போய்விட்டது. திரும்பவும் ஒட்டோ போடுவதா, மெனுவலுக்கு மாற்றுவதா?" பெரும்பாலானோர் விலையைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கிறார்கள். விலையைக் கேட்பதற்கு முன் வாகனம் எந்தப் பாதையில் ஓடுகிறது, அதை யார் ஓட்டுகிறார் என்ற இரண்டையும் பார்க்க வேண்டும் என்பதே எனது கருத்து.

ஹப் செய்யும் வேலை

சாதாரண வீதியில் இந்த வாகனங்கள் பின் சில்லுகளால் மட்டுமே ஓடுகின்றன. அப்போது முன் சில்லுகள் உருளும்போது அவற்றோடு சேர்ந்து முன் ஷாப்ட், டிபரன்ஷல், புரொப்பலர் ஷாப்ட் எல்லாம் வீணாகச் சுழலக் கூடாது. சில்லையும் ஷாப்டையும் பிரித்து வைப்பதும், தேவையானபோது பூட்டிச் சேர்ப்பதும்தான் ஹப்பின் வேலை. இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய ஜீப்புகளை வீதிக்கு ஏற்றவையாக்க, அமெரிக்காவில் ஆர்தர் வோர்ன் என்பவர் 1948 இல் தொடங்கிய நிறுவனம் இத்தகைய ஹப்களை விற்றே பெயர் பெற்றது.

ஹப்பைப் பிரித்து ஓடுவதால் எரிபொருள் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் முன்பக்கப் பாகங்களின் தேய்வு குறைவதுதான் பெரிய இலாபம்.

மெனுவல் ஹப்

சில்லின் நடுவில் கையால் திருப்பும் ஒரு மூடி இருக்கும். "ஃபிரீ", "லொக்" என்று இரண்டு நிலைகள். வாகனத்தை நிறுத்தி, இறங்கி, இரண்டு பக்கமும் திருப்ப வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் பூட்டினால் பயனில்லை. இயந்திர வலு பூட்டாத பக்கத்துக்கே போய்விடும், முன் சில்லுகள் இழுக்காது.

உள்ளே பாகங்கள் குறைவு, பழுதும் குறைவு. முன்னோக்கி ஓடினாலும் பின்னோக்கி ஓடினாலும் பூட்டு விலகாது. இதன் ஒரே குறை, இறங்க வேண்டும் என்பதுதான். கொட்டும் மழையில் சேற்றில் புதைந்த பிறகு இறங்கித் திருப்புவது எந்தச் சாரதிக்கும் பிடிக்காத வேலை. அதற்கும் வழியுண்டு. மோசமான பாதைக்குப் போகும் நாளில் காலையிலேயே இரண்டு ஹப்பையும் பூட்டிவிடலாம். ஃபோர் வீல் கியரைப் போடாதவரை தார் வீதியில் பூட்டியபடி ஓடுவதால் பாதிப்பில்லை, சிறிது எரிபொருள் மட்டும் கூடும்.

ஒட்டோ ஹப்

ஃபோர் வீல் கியரைப் போட்டு வாகனம் நகர்ந்ததும் ஷாப்டின் திருகு விசையால் இது தானே பூட்டிக்கொள்ளும். விலக்குவதற்கு டூ வீலுக்கு மாற்றி, சில மீற்றர் பின்னோக்கி ஓட்ட வேண்டும். இதைச் செய்யாத சாரதிகள் பலர், ஹப் பூட்டியபடியே மாதக்கணக்கில் ஓடுகிறார்கள்.

சௌகரியம் பெரிதுதான். ஆனால் உள்ளே சிறு ஸ்பிரிங்குகளும் கேம்களும் உண்டு. சேறும் நீரும் புகுந்தாலோ, பழைய கிறீஸ் கட்டிப்பட்டாலோ பூட்டாமல் விடும். பின் சில்லுகள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஃபோர் வீல் கியரைத் தள்ளினால் அந்த அடியில் உடையவும் கூடும். புதைந்த வாகனத்தை முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்கும்போது, ஒவ்வொரு தடவையும் விலகிப் பூட்டுவதால் தேய்வு அதிகம்.

மலையகத்தில் ஓடுபவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். சுமையோடு செங்குத்தான மண் பாதையில் இறங்கும்போது என்ஜினின் பிடியை நம்பித்தான் இறங்குகிறோம். அவ்வேளை சில்லுதான் ஷாப்டைத் தள்ளுகிறது. விசையின் திசை மாறுவதால் பல ஒட்டோ ஹப்கள் விலகிவிடக் கூடும். அப்போது என்ஜினின் பிடி பின் சில்லுகளுக்கு மட்டுமே கிடைக்கும். ஈரக் களிமண்ணில் அது ஆபத்து. மெனுவல் ஹப்பில் இந்தப் பிரச்சினை இல்லை.

எது யாருக்கு?

வாரத்தில் பல நாட்கள் சேற்றிலோ மணலிலோ மலைப்பாதையிலோ ஓடும் வாகனமாக, ஓட்டுபவர் சொந்தக்காரராக அல்லது நிலையான ஒரு சாரதியாக இருந்தால் மெனுவலே சிறந்தது. பெரும்பாலும் நகரத்தில் ஓடி, எப்போதாவது மழைக்கு மட்டும் ஃபோர் வீல் தேவைப்படும் வாகனத்துக்கும், சாரதிகள் அடிக்கடி மாறும் வாகனத்துக்கும் நல்ல நிலையிலுள்ள ஒட்டோ போதும். ஹப்பைத் திருப்ப மறக்கும் சாரதியிடம் மெனுவல் ஹப் இருந்தும் இல்லாததுபோல்தான்.

மாற்றுவதற்கு முன்

முதலில் உங்கள் வாகனத்தில் இந்த வகை ஹப் இருக்கிறதா என்று பாருங்கள். பிற்கால ஹைலக்ஸ், எல்200 மொடல்கள் பலவற்றில் பூட்டு முன் டிபரன்ஷல் பக்கத்திலேயே இருக்கிறது. அவற்றுக்கு இந்தக் கேள்வியே எழாது.

ஒட்டோவிலிருந்து மெனுவலுக்கு மாறும்போது மூடியை மட்டும் மாற்றினால் போதாது. பல மொடல்களில் உள்ளே உள்ள கேம் பாகங்களை அகற்றி, பெயாரிங்கைப் பிடிக்கும் லொக் நட்டையும் மாற்ற வேண்டும். பெயாரிங்கின் இறுக்கத்தைப் புதிதாகச் சரிசெய்யாவிட்டால் பெயாரிங்கே போய்விடும். ஆகவே முழு செட்டாக வாங்குங்கள், வேலை தெரிந்த பாஸிடம் கொடுங்கள்.

பஞ்சிகாவத்தையில் பாவித்த ஹப் வாங்குவோர், பூட்டும்போதும் விலக்கும்போதும் தடங்கலில்லாமல் திரும்புகிறதா எனக் கையால் பார்த்தே வாங்க வேண்டும். பொருத்திய பின், ஷாப்ட் வெளியே தெரியும் வாகனமாயின் டூ வீலில் வைத்து ஒரு முன் சில்லை ஜக் போட்டுத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். "ஃபிரீ"யில் ஷாப்ட் அசையாதிருக்க வேண்டும், "லொக்"கில் சில்லோடு சேர்ந்து சுற்ற வேண்டும். மற்றப் பக்கத்தையும் இப்படியே பாருங்கள்.

எதைப் போட்டாலும், மாதம் ஒரு தடவையாவது ஹப்பைப் பூட்டிச் சில கிலோமீற்றர் ஓடுங்கள். முன் டிபரன்ஷலுக்குள் எண்ணெய் பரவ அது அவசியம். ஆனால் காய்ந்த தார் வீதியில் ஃபோர் வீல் கியரைப் போட்டு ஓட வேண்டாம். ஆழமான நீரைக் கடந்திருந்தால் ஹப்பைத் திறந்து சுத்தம் செய்து, குறைந்த அளவில் புதுக் கிறீஸ் பூசுங்கள். ஹப்புக்குள் கிறீஸை அடைத்து நிரப்புவது பூட்டைத் தடுக்கும்.

ஹப் பழுதானது தார் வீதியில் தெரியாது. சுமையோடு சேற்றில் நிற்கும்போதுதான் தெரியவரும். ஏற்றிய மரக்கறி வாடுவதும், மீனின் ஐஸ் கரைவதும், இழுக்க வரும் டிரக்டருக்குக் கூலி கொடுப்பதும் அன்றைய இலாபத்தை விழுங்கிவிடும். அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்கு முன், ஒரு நாள் ஒதுக்கி இதைப் பரீட்சித்துக்கொள்ளுங்கள்.