குளிரூட்ட வேண்டாத மீக்கடத்தி

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாலை. மாட்டுங்கா நிலையத்தருகே பூக்கடைகளைக் கடந்து வருகையில், அண்டை வீட்டு இளைஞர் ஒருவர் நம்மிடம் ஒரு செய்தியைச் சொன்னார். கொரிய விஞ்ஞானிகள் சாதாரண உஷ்ணத்திலேயே இயங்கும் மீக்கடத்தியைக் கண்டுவிட்டனராம். அமெரிக்காவில் ஒருவர் கணக்கிட்டு அதனை மெய்ப்பித்தும் விட்டாராம். "இனி மின்சார ரயில் கம்பியில் நஷ்டமே இராதல்லவா, மாமா?" என்றார். கொரியர் அவ்வாறு கூறியது உண்மை. கணக்கு அதனை மெய்ப்பித்தது என்பது தவறு. அத்தவறு எங்கே நுழைந்தது என்பதைச் சிறிது விளக்குவோம்.

கம்பியில் மின்சாரம் ஓடுகையில் தடை ஏற்பட்டு, ஒரு பகுதி உஷ்ணமாக வீணாகின்றது. 1911இல் ஹாலந்து நாட்டுக் காமர்லிங் ஆன்ஸ், பாதரசத்தைச் சூனியத்துக்குக் கீழ் 269 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர்வித்தபோது அத்தடை அடியோடு மறையக் கண்டார். அத்தகைய பொருளே மீக்கடத்தி. மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவிகளின் காந்தச் சுருள் பெரும்பாலும் இவ்வகையினதே. அதனாலேயே அவற்றிற்குத் திரவ ஹீலியம் வேண்டியிருக்கிறது. கொரியரின் எல்.கே. 99 என்னும் பொருளோ ஈயம், தாமிரம், பாஸ்பரம், ஆக்ஸிஜன் சேர்ந்தது. 127 டிகிரி வரை தடையின்றிக் கடத்தும் என்றனர். இட்லி வேகும் சூட்டிலும் அதிகம்!

கணக்கு என்பது யாது? படிகத்தில் எந்த அணு எங்கே அமர்ந்துள்ளது என்பதை முதலில் நாமே கணினிக்குச் சொல்ல வேண்டும். பின்னர் குவாண்டம் விதிகளைக் கொண்டு, எலெக்ட்ரான்கள் கொள்ளக்கூடிய சக்தி நிலைகளை அது கணித்துத் தரும். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஷினேட் கிரிஃபின் என்ற அம்மையார், ஈயத்துக்குரிய ஒரு குறிப்பிட்ட இடத்தில் தாமிரத்தை அமர்த்திக் கணக்கிட்டார். சக்திப் பட்டைகள் தட்டையாக வந்தன. பட்டை தட்டையாயின் எலெக்ட்ரான்கள் விரைந்தோட மாட்டா. ஒன்றையொன்று வலுவாகப் பாதிக்கும். அந்நிலையில் மீக்கடத்தல் எழவும் கூடும், காந்தத்தன்மை எழவும் கூடும், மின்கடத்தாமையே விளையவும் கூடும். தாமிரம் அவ்விடத்தில் அமர்வது எளிதன்று என்பதையும் அவரே குறிப்பிட்டிருந்தார். 'அவ்விடத்தில் அமருமாயின்' என்பதிலிருந்த அந்த 'ஆயின்', ஊராரை எட்டுமுன்னே உதிர்ந்துவிட்டது. மொழிபெயர்ப்பே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இது புதிதன்று. கோப்பில் ஓர் 'ஆயின்' விடுபட்டால் ஆணையே மாறிவிடும்.

சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன், 1987இல் ஆண்டர்சனுடன் சேர்ந்து மீக்கடத்திகளுக்கு ஒரு புதுக் கொள்கை வகுத்தவர். அவரும் இப்பொருளுக்கு ஒரு விளக்கம் முன்வைத்தார். எனினும் விளக்கம் வேறு, அளவீடு வேறு. டில்லி தேசிய பௌதிக ஆய்வகத்தில் அவானா குழுவினர் அப்பொருளைத் தாமே தயாரித்து அளந்தனர், மீக்கடத்தல் காணப்படவில்லை. ஜெர்மனியில் கலப்பற்ற படிகமாக வளர்த்தபோது, ஊதா நிறங்கொண்ட மின்கடத்தாப் பொருளாகவே நின்றது. தடை திடீரென வீழ்ந்ததாகத் தெரிந்ததற்குக் காரணம், உடன் கலந்திருந்த தாமிர சல்பைடு. ஏறத்தாழ 104 டிகிரியில் தன் உள்ளமைப்பையே மாற்றிக்கொள்ளும் பொருள் அது.

ஆயினும் கொள்கைக்கு அடங்காதன யாவும் பொய்யென்று தள்ளிவிடலாகாது. இதே பம்பாயில், கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், எஸ். ராமகிருஷ்ணன் குழுவினர் பிஸ்மத் உலோகம் மீக்கடத்தியாவதைக் கண்டு 2016இல் வெளியிட்டனர். அதில் கடத்தும் எலெக்ட்ரான்கள் மிகச் சொற்பம். 1957ஆம் ஆண்டின் புகழ்பெற்ற கொள்கையால் அதனை விளக்க இயலவில்லை.

இளைஞர் முகம் மலர்ந்தது. "எத்தனை டிகிரியில், மாமா?" என்று ஆவலுடன் கேட்டார். முழுச் சூனியத்துக்கு மேல் 0.00053 டிகிரி என்றோம். அவர் மல்லிகை விலை விசாரிக்கப் போய்விட்டார்.