முகப்பூச்சும் முகத்தின் நலனும்: நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை



திருமண உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களில் செலவுப் பட்டியல் ஒன்று இணைக்கச் சொல்கிறோம். பந்தல், சாப்பாடு, பாத்திரம், துணிமணி ஆகியவற்றோடு "பொண்ணுக்கு ஃபேஷியல், கிரீம்" என்று ஒரு வரியும் இப்போது தவறாமல் இருக்கிறது. மணப்பெண் பொலிவாக இருக்க வேண்டும் என்று பெற்றோர் ஆசைப்படுவதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குள் நல்லதும் இருக்கிறது, சிறுநீரகத்தையே பாதிக்கும் ஆபத்தும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கவே இக்கட்டுரை.

முதலில் தோலைப் பற்றிச் சிறிது பார்ப்போம். நம் மேல்தோலின் அடியில் புதிய செல்கள் உருவாகி, மெல்ல மேலே வந்து, இறந்து உதிர்கின்றன. இளம் வயதில் இதற்கு ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். வயது கூடக் கூட இன்னும் தாமதமாகும். உதிர வேண்டிய செல்கள் எண்ணெயோடும் தூசியோடும் ஒட்டிக்கொண்டால் முகம் மங்கலாகவும் சொரசொரப்பாகவும் தெரியும். கடற்கரை ஓரத்தில் வியர்வையோடு வாழ்ந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையின் புழுதியில் தினமும் போய்வரும் நம் கொட்டிவாக்கத்தாருக்கு இது புதிதல்ல. ஒட்டியிருக்கும் அந்த இறந்த செல்களை மென்மையாக அகற்றுவது மட்டுமே முகப்பூச்சின் வேலை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் மேல்தோலின் அடித்தளத்தில் உருவாகிறது. எந்த மாவும் கழுவி அதை மாற்றாது. முகம் தெளியும், நிறம் மாறாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

வீட்டில் செய்வதற்கு எளிய முறை: நன்றாகச் சலித்த பச்சைப்பயறு மாவு ஒரு மேசைக்கரண்டி, புளிக்காத தயிர் ஒரு மேசைக்கரண்டி. மாவு மெதுவாகத் தேய்க்கும். தயிரில் உள்ள லாக்டிக் அமிலம் சிறிதளவே என்றாலும் இறந்த செல்களை இளக்க உதவும். எண்ணெய் வழியும் முகத்துக்கு முல்தானி மட்டியைப் பன்னீரில் குழைத்துப் பூசலாம். வறண்ட முகத்துக்கு அது வேண்டாம்.

புதிதாக எதைப் பூசுவதற்கு முன்பும் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் மட்டும் முகத்தில் போடுங்கள். கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் பூச வேண்டாம். பத்து நிமிடம் போதும். காய்ந்து வெடிக்கும்வரை விட்டால் தோல் இழுபட்டு வறண்டுவிடும். கழுவும்போது முதலில் தண்ணீர் தொட்டு ஊறவிட்டு, விரல் நுனியால் லேசாக வட்டமிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். துண்டால் ஒற்றி எடுத்து, உடனே மாய்ஸ்சரைசர் தடவுங்கள். வாரத்துக்கு ஒரு முறை போதும். தினமும் செய்தால் தோலின் காப்பு அடுக்கே தேய்ந்து எரிச்சல் வரும்.

இரவு இஷாவுக்குப் பின் செய்வது நல்லது. அடுத்துச் சில மணி நேரம் வெயில் படாது. பூச்சு முகத்தில் காய்ந்திருந்தால் தண்ணீர் தோலில் படாது என்பதால், உளூவுக்கு முன் முழுவதும் கழுவிவிட வேண்டும். மறுநாள் வெளியே போகும்போது சன்ஸ்கிரீன் போடுங்கள்.

கடையில் வாங்கும் மாஸ்க்குகளில் லாக்டிக், கிளைகாலிக், சாலிசிலிக் அமிலம் என்று எழுதியிருக்கும். இவற்றில் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். பருவுக்கு மருத்துவர் தந்த கிரீம் போடுபவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொட வேண்டாம். சீழ்ப்பரு, புண், கரப்பான் இருந்தாலும், த்ரெடிங் செய்த அன்றும் எந்தப் பூச்சும் வேண்டாம்.

எலுமிச்சைச் சாறு, ஆப்ப சோடா, பற்பசை, சர்க்கரை, ரவை ஆகியவற்றை முகத்தில் தேய்ப்பது கெடுதல். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் சிறு எரிச்சல்கூடக் கரும்புள்ளியாக மாறி மாதக்கணக்கில் நிற்கும். எலுமிச்சை பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளமே வரலாம்.

இனி ஆபத்தான பகுதி. "ஏழு நாளில் வெள்ளை" என்று விற்கும் கிரீம்களைப் பற்றியது இது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களில் 15 பேரிடம், அரிதாகவே காணப்படும் ஒரே வகைப் பாதிப்பு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நோய் வருவதற்கு முன் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். கிரீமை நிறுத்தியபின் பெரும்பாலோர் குணமடைந்தனர் என்பது ஆறுதல்.

இத்தகைய கிரீம்களில் கலக்கப்படும் பாதரசம்தான் காரணம். மெலனின் உருவாவதை அது தடுப்பதால் சில நாளில் முகம் வெளுக்கும். ஆனால் தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் சேரும். பூசியவரின் கையும் துண்டும் பட்டு வீட்டுக் குழந்தைகளுக்கும் போகும். நம் நாட்டின் 2020 அழகுசாதனப் பொருள் விதிகளும் மினமாட்டா சர்வதேச உடன்படிக்கையும் இதைத் தடுக்கின்றன. ஆனாலும் முகவரி இல்லாத டப்பாக்கள் கடைகளுக்கும் கைப்பேசி விற்பனைக்கும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

மற்றொன்று ஸ்டீராய்டு கிரீம். படர்தாமரைக்கோ அரிப்புக்கோ கொடுத்ததை முகத்துக்குப் போட்டுக்கொள்கிறார்கள். முதலில் பளபளப்பு வரும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பருவும் முடியும் வரும். இவற்றில் 14 வகைகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் அரசு ஆணையிட்டது. மாதக்கணக்கில் பூசியவர்கள் தாங்களாகத் திடீரென நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

வாங்குமுன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். தயாரிப்பாளர் முகவரி, உரிம எண் அல்லது இறக்குமதிப் பதிவு எண், சேர்மானப் பட்டியல், காலாவதித் தேதி ஆகியவை இல்லையென்றால் வாங்காதீர்கள். மெர்குரி, கலோமல் என்ற பெயர்கள் இருந்தாலும், "தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்" என்று எழுதியிருந்தாலும் அதில் பாதரசம் இருக்கலாம். சிவப்பழகு கிரீம் பூசுபவருக்கு முகமோ காலோ வீங்கினால், சிறுநீரில் நுரை தங்கினால், கிரீமை உடனே நிறுத்தி, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கும் சோதனை எளியது. சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் தோல் பிரிவும் சிறுநீரகப் பிரிவும் உண்டு.

கல்யாண வீட்டாருக்கு ஒரு வார்த்தை. மணப்பெண்ணுக்கு ஏதாவது செய்வதென்றால் இரண்டு மாதம் முன்பே தொடங்கி, வாரம் ஒரு பூச்சு, போதிய தூக்கம், வெயிலில் பாதுகாப்பு என்று வையுங்கள். கடைசி வாரத்தில் புதிதாக எதையும் முகத்தில் சோதித்துப் பார்க்க வேண்டாம். மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொல்கிறோம்: "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி" என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்லும் ஒரு சொல்தான் அந்த டப்பாவை அவள் கையில் கொடுக்கிறது. அந்தச் சொல்லை நம் மஹல்லாவில் யாரும் சொல்லாதிருப்போம், இன்ஷா அல்லாஹ்.