குளிருக்கு வைத்த கங்கு எமனாகலாம்! கதவை அடைத்துத் தூங்குவோர் உஷார்

அம்பாசமுத்திரம், டிச.–

மார்கழி வந்தாச்சு. பொழுது சாய்ந்ததும் பொதிகை மலைப் பக்கமிருந்து சில்லென்று காற்று இறங்குகிறது. ஓட்டு வீடுகளில் கதவு இடுக்கு, ஜன்னல் சந்து, ஓட்டு இடைவெளி எதையும் அது விடுவதில்லை.

"பச்சைப்புள்ள கிடக்கு. ஜன்னலைச் சாத்திட்டு, சட்டியில கங்கு போட்டு வையி" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வழக்கம்.

அங்கேதான் ஆபத்து!

2 பேர் பிணம்

2024 ஆகஸ்டில் திருச்சியிலிருந்து கொடைக்கானல் போன நண்பர்கள் ஒரு விடுதியில் தங்கினார்கள். கறி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கினார்கள். விடிந்து பார்த்தால் 2 பேர் பிணம்!

வெட்டும் இல்லை, குத்தும் இல்லை. கொன்றது கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. புகை அடங்கி, கங்கு செக்கச் செவேலென்று இருக்கும்போதும் அது வந்துகொண்டேதான் இருக்கும்.

ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவேண்டிய இடத்தை இந்த வாயு பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி. தூங்குகிறவருக்கு இதுவும் தெரியாது. தூக்கத்திலேயே கதை முடிந்துவிடும்.

என்ன செய்யலாம்?

அம்பையின் குளிர் மாஞ்சோலைக் குளிர் அல்ல. நெருப்பு இல்லாமலே சமாளிக்கலாம். காற்று வருகிற வழியை அடைத்தாலே பாதிக் குளிர் போச்சு!

பழைய சேலையைச் சுருட்டிக் கதவுக்கு அடியில் வையுங்கள். ஜன்னல் சந்தில் காகிதம் ஒட்டுங்கள். தரைக்குளிர் ஏறாமல் இருக்கக் கோரைப்பாய்க்கு அடியில் சாக்கை விரியுங்கள். கட்டிலை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

எல்லா வழியையும் அடைத்துவிடாதீர்கள். மேலே ஒரு திறப்பு எப்போதும் இருக்கட்டும். கங்குச் சட்டி மட்டும் படுக்கிற அறைக்குள் வரவே கூடாது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று நினைப்பதும் தப்பு.

யாராவது மயங்கிக் கிடந்தால் கதவு, ஜன்னலை எல்லாம் திறந்து, ஆளை உடனே வெளியே தூக்கி வாருங்கள். 108-க்குப் போன் போடுங்கள். ஆக்சிஜன் கொடுத்துத்தான் காப்பாற்ற வேண்டும்.

குளிருக்குப் போர்வை இருக்கிறது. போன உயிருக்கு?