உம்மாவின் குளிசைக் கொப்பி

எங்கள் வீட்டு அலுமாரியில், குர்ஆன் வைத்திருக்கும் தட்டுக்குக் கீழே, ஓர் எண்பது பக்கக் கொப்பி இருக்கிறது. முதல் பக்கத்தின் உச்சியில் பிஸ்மில்லாஹ். அதற்குக் கீழே அடிமட்டம் வைத்துக் கீறிய கட்டங்கள். திகதி, குளிசையின் பெயர், கொடுத்த நேரம், காய்ச்சல் எத்தனை, கடைசியில் ஒரு சரி அடையாளம். என் தம்பிக்கு நாலு வயதாக இருந்தபோது லியுகேமியா என்கிற குருதிப் புற்றுநோய் வந்தது. மூன்று வருடம் மருந்து கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் உம்மா எழுதிய கொப்பிகளில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

உம்மாவிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது, ஆனா என்னைப் பெரிய ஸாலிஹான பொம்புளை மாதிரி எழுதிராத" என்றார்.

அப்போது நான் தரம் 5. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தம்பிக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. கால் வலிக்கிறது என்று நடக்க மறுத்தான். உடம்பில் அடிபடாத இடங்களிலும் நீலத் தழும்புகள். எல்லோரையும் போல நாங்களும் டெங்கு என்றுதான் நினைத்தோம். இரத்தம் சோதித்த டொக்டர் வாப்பாவைத் தனியே கூப்பிட்டார். அடுத்த நாள் இரவு பஸ்ஸில் உம்மாவும் வாப்பாவும் தம்பியைத் தூக்கிக்கொண்டு அக்கரைப்பற்றிலிருந்து மஹரகமவுக்குப் போனார்கள். நான் உம்மம்மாவோடு நின்றுவிட்டேன்.

என்ன நோய் என்பது உயர்தரத்தில் உயிரியல் படிக்கும்போதுதான் எனக்கு ஒழுங்காக விளங்கியது. நமது குருதிக் கலங்கள் எல்லாம் என்புக்குள் இருக்கும் மச்சையில் உருவாகின்றன. இந்த நோயில், வெண்குழியமாக வளர வேண்டிய ஓர் இளம் கலம் முதிராமலே பிரிந்து பிரிந்து பெருகி மச்சையை நிரப்பிவிடுகிறது. மற்றக் கலங்களுக்கு இடமில்லை. செங்குழியம் குறைவதால் பிள்ளை வெளிறிப்போகிறது. குருதிச் சிறுதட்டுகள் குறைவதால் தழும்புகள். நல்ல வெண்குழியம் இல்லாததால் காய்ச்சல். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இந்த வகைதான் அதிகம். அதுவும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள்தான் கூடுதலாகக் காணப்படுகிறது. இது தொற்றாது. பெற்றோர் கொடுத்த சாப்பாட்டாலோ செய்த தவறாலோ வந்தது என்று சொல்லவும் முடியாது. கலம் பிரியும்போது டிஎன்ஏயில் நேரும் மாற்றம் அது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நோயாளியைப் பார்க்க வருவது ஸுன்னத்து. ஆனால் பார்க்க வந்த ஒருவர், "உங்களுக்கு ஏதாவது ஹக்கு கிக்கு பாக்கி இரிக்கா எண்டு யோசிச்சுப் பாருங்க" என்று உம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு உம்மா உண்மையாகவே இருந்து யோசித்தாராம். யாருக்குக் கடன், யார் மனதை நோகடித்தோம் என்று. நாலு வயதுப் பிள்ளையின் முதுகெலும்பில் ஊசி ஏற்றிய நாளில் அவர் யோசித்தது அதைத்தான். வந்தவர் கெட்டவர் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தையை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

மஹரகம ஆஸ்பத்திரிக்கு அபேக்ஷா என்று பெயர். சிங்களத்தில் எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்று பொருள். தேர்தலில் நிற்பவரை நாம் அபேட்சகர் என்கிறோமே, அதே சொல்தான். அங்கே மருந்துக்குப் பணமில்லை. ஆனால் பஸ் காசு, தங்கும் செலவு, பூட்டிக் கிடந்த வாப்பாவின் புடவைக்கடை எல்லாம் இருந்தன.

முதல் மாதம்தான் கடினம் என்று சொல்லியிருந்தார்கள். வின்கிறிஸ்டீன் ஊசியும் ஸ்டீரொயிட் குளிசையும். வின்கிறிஸ்டீன் நம் முற்றங்களில் பூக்கிற பட்டிப்பூச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. கலம் இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்களை இழுத்துப் பிரிக்கும் நுண்புன்குழாய்களை அது உருவாக விடாது. ஸ்டீரொயிட்டால் தம்பியின் முகம் ஊதி உருண்டையானது. நடுச்சாமத்தில் எழும்பிக் கொத்துரொட்டி கேட்டு அழுவான். நாலு வாரம் முடிந்து மச்சையை மறுபடி சோதித்தபோது நோய்க் கலம் கண்ணுக்குத் தெரியவில்லை. வாப்பா தொலைபேசியில் சொன்னதும் உம்மம்மா ஸுஜூதில் விழுந்தார். பள்ளியில் துஆ கேட்டவர்களுக்கெல்லாம் சர்பத் கொடுத்தோம்.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது.

நோய் போய்விட்டதே, இனி எதற்கு மருந்து? சொந்தக்காரர் பலர் இதைக் கேட்டார்கள். துஆ கபூலாகிவிட்டது, இனியும் பிள்ளைக்கு நஞ்சேற்றுவது அல்லாஹ்வின் மேல் நம்பிக்கை இல்லாத வேலை என்று ஒருவர் சொன்னார். கடன் ஏறிக்கொண்டிருந்தது. மருந்து ஏற்றும் ஒவ்வொரு முறையும் பிள்ளை வாந்தியெடுத்துத் துவண்டு போனான். ஓர் இரவு வாப்பாவும் "போதும், கூட்டிட்டு வா, கருஞ்சீரகமும் தேனும் கொடுப்போம்" என்றார்.

உம்மா வாப்பாவோடு வாதாடவில்லை. அவரையே மஹரகமவுக்கு வரச்செய்து டொக்டருக்கு முன்னால் உட்கார வைத்தார். அந்த டொக்டருக்குத் தமிழ் தெரியாது. ஒரு துண்டுத் தாளில் 1 போட்டு, பக்கத்தில் பன்னிரண்டு பூச்சியங்களை எழுதினார். பிள்ளை வந்தபோது உடம்பில் இருந்த நோய்க் கலங்கள் ஏறத்தாழ இத்தனை. பிறகு இரண்டு பூச்சியங்களை வெட்டினார். ஒரு மாத மருந்தில் போனது இவ்வளவுதான் என்றும் இருக்கலாம். நுணுக்குக்காட்டியில் ஒன்றும் தெரியாத நிலையிலும் ஆயிரம் கோடிக் கலங்கள் வரை மிச்சமிருக்கக்கூடும். மீதிப் பூச்சியங்களைத் தொட்டுக் காட்டிவிட்டுப் பேனையை வாப்பாவின் கையில் கொடுத்தாராம். அந்தத் தாள் இப்போதும் கொப்பிக்குள் இருக்கிறது.

அந்தப் பூச்சியங்களை மருத்துவ உலகம் அறிந்துகொண்டது பிள்ளைகளை இழந்துதான். பொஸ்டன் நகரின் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்ற மருந்தை 16 பிள்ளைகளுக்குக் கொடுத்த விபரத்தை 1948இல் வெளியிட்டார். 10 பேருக்கு நோய் தணிந்தது. உலகமே வியந்தது. ஆனால் அந்தத் தணிவு நிலைக்கவில்லை, நோய் திரும்பி வந்தது. விளையாட எழும்பிய பிள்ளை மறுபடி படுத்தபோது அந்தத் தாய்மார் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். பல மருந்துகளைச் சேர்த்து, மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்த பாய்பொருளுக்குள்ளும் மருந்து செலுத்தி, வருடக்கணக்கில் குளிசை கொடுக்கும் முறையை 1960களில் மெம்பிஸ் நகரின் செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரியில் டொனால்ட் பிங்கலும் அவரோடு வேலை செய்தவர்களும் உருவாக்கினார்கள். (அந்த ஆஸ்பத்திரியைத் தொடக்கியவர் டெனி தோமஸ் என்ற நகைச்சுவை நடிகர். லெபனானிலிருந்து குடியேறியவர்களின் மகன், கிறிஸ்தவர். வறுமையில் கேட்ட ஒரு பிரார்த்தனைக்கு நேர்ந்துகொண்ட நேர்த்தி அது.) இன்று வசதியுள்ள நாடுகளில் இந்த நோய் வந்த பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். சிகிச்சை இரண்டு முதல் மூன்று வருடம் நீள்கிறது. அதில் பெரும்பகுதி வீட்டில்தான். ஒவ்வோர் இரவும் மெர்கப்டோபியூரின், வாரத்தில் ஒருநாள் மெதோட்ரெக்சேட். பிள்ளை ஓடியாடித் திரிவான், நோயாளி போலவே இருக்கமாட்டான். அப்போது குளிசையை அடிக்கடி தவறவிட்டால்தான் நோய் திரும்பும் ஆபத்துக் கூடுகிறது.

கொப்பி தொடங்கியது அப்படித்தான். இஷா தொழுதுவிட்டு முஸல்லாவை மடிப்பதற்கு முன்பே உம்மா குளிசையைக் கொடுத்துச் சரி போடுவார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்ற நபி (ஸல்) அவர்களின் போதனையை வாப்பா அடிக்கடி சொல்வார். "ஆனா மூணு வருஷம் கயித்தப் புடிச்சிட்டே நிக்கணும் எண்டு ஒருத்தரும் சொல்லித் தரல்லயே" என்று சிரிப்பார்.

தண்ணீரால் ஒரு பிரச்சினை வந்தது. ஊரிலிருந்து ஓதிய தண்ணீர்ப் போத்தல்கள் வந்துகொண்டே இருந்தன. தம்பியின் உடம்பில் கிருமியை எதிர்க்கும் நடுநிலைநாடிகள் மிகக் குறைந்திருந்த காலம். மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத கிருமி அவனுக்கு உயிராபத்தாகலாம். கொதித்தாறிய நீர் மட்டும்தான் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். கொடுக்காவிட்டால் பரக்கத்தை மறுத்ததாகுமோ என்று உம்மாவுக்குப் பயம். எங்கள் மஹல்லா மௌலவியிடம் கேட்டோம். "தண்ணி எதுக்கு? பிள்ளையின்ர தலையில கை வச்சு நீங்களே ஃபாத்திஹா ஓதுங்க. கையச் சவர்க்காரம் போட்டுக் கழுவிட்டு ஓதுங்க" என்றார். எனக்குத் தெரிந்த மிகச்சிறந்த ஃபத்வா அதுதான்.

அதே மௌலவி இன்னொன்றும் செய்தார். குருதிச் சிறுதட்டுகளைச் சேகரித்து ஐந்து நாட்களளவில்தான் வைத்திருக்க முடியும். அதனால் புதிதாகக் கொடுப்பவர்கள் தேவைப்பட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு ஜும்ஆவில் அதைச் சொல்லி இரத்ததான முகாம் வைத்தார். துஆவைத் தவிர வேறென்ன செய்யலாம் என்று கேட்டவர்கள் வரிசையில் நின்றார்கள்.

உம்மா அழுவார். ஸப்ர் இல்லாததால் அழுகிறார் என்று யாரோ சொன்னார்கள். அப்படியென்றால் யஃகூப் (அலை) அவர்களை எங்கே வைப்பது? அழகிய பொறுமை என்று சொன்னவரும் அவர்தான். மகன் யூஸுஃபுக்காக அழுது கண்கள் வெளுத்துப் போனவரும் அவர்தான். இரண்டும் ஒரே ஸூராவில் வருகின்றன. நபி (ஸல்) அவர்களும் தங்கள் மகன் இப்ராஹீமுக்காகக் கண்ணீர் விட்டார்கள்.

இனி எழுதப் போவதைப் பற்றி உம்மா இரண்டு முறைதான் பேசியிருக்கிறார். அடுத்த கட்டிலில் ஒரு சிறுமி இருந்தாள். மொனராகலைப் பக்கத்துச் சிங்களக் குடும்பம். உம்மா தொழும்போது தம்பியைப் பார்த்துக்கொண்டது அந்தப் பிள்ளையின் தாய்தான். அவர் கையில் பிரித் நூல் கட்டியிருந்தார். இவர் கையில் தஸ்பீஹ். நோன்பு காலத்தில் மஃரிபுக்குத் தேநீர் ஊற்றித் தந்தவரும் அவரே. இரண்டாவது வருடம் அந்தப் பிள்ளைக்கு நோய் திரும்பியது. மூன்று மாதத்தில் இறந்துபோனாள்.

அந்த வாரம் தம்பியின் இரத்தச் சோதனை நன்றாக வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொல்ல உம்மாவால் முடியவில்லை. அந்தத் தாய் கேட்காமலா இருந்தாள் என்று மௌலவியிடம் கேட்டார். மௌலவி உடனே பதில் சொல்லவில்லை. துஆ கேட்டபடி கிடைக்கலாம், ஒரு தீங்கை விலக்கலாம், மறுமைக்காகச் சேர்த்து வைக்கப்படலாம் என்று ஹதீஸில் இருப்பதைப் பிறகு சொன்னார். "சொன்னது விளங்கினது, மனசுக்குப் போகத்தான் காலம் எடுத்தது" என்பார் உம்மா. அதுவரை பிள்ளையைத் தந்துவிடு என்று கேட்டுக்கொண்டிருந்தவர், அதன் பிறகு இன்றைய குளிசையைக் கொடுக்கும் தெம்பைத் தா என்று கேட்கத் தொடங்கினார். நம்பிக்கை குறைந்துதான் அப்படிக் கேட்டாரா என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். "இல்ல, அப்பதான் அல்லாஹ்வோட நேராப் பேசினன்" என்றார். அந்தத் தாயோடு பெருநாளுக்கும் சிங்களப் புத்தாண்டுக்கும் இன்னும் தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள்.

தம்பிக்கு இப்போது பதினொரு வயது. மருந்து நிறுத்தி நாலு வருடம். ஐந்து வருடம் நிறைந்தால் திரும்பி வரும் பயம் மிகக் குறைவு என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள்.

போன மாதம் அவனுக்குக் காய்ச்சல். வெறும் தடிமன்தான் என்று கத்தினான். உம்மா ஒன்றும் பேசாமல் தெர்மோமீட்டரை வைத்துப் பார்த்தார். பிறகு அலுமாரியைத் திறந்து அந்தக் கொப்பியை எடுத்து, நாலு வருடத்துக்குப் பின் வந்த புதிய வரியில் திகதி போட்டு, 38.2 என்று எழுதினார். மறுநாள் இரத்தம் சோதித்தோம். எல்லாம் சரியாக இருந்தது. அதையும் எழுதிச் சரி போட்டுவிட்டு, கொப்பியை முன்பிருந்த இடத்திலேயே வைத்தார்.