சாலையைத் தாண்டி வரும் புகை
ஹைதராபாத் காற்றில் மிதக்கும் தூசியில் பெரும்பங்கு வாகனங்களின் உபயம். அதிக ஆபத்து, சாலையை ஒட்டி வாழ்பவர்களுக்கு.

பஞ்சாகுட்டா சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிந்தால் போதும். ஸ்கூட்டரில் வருபவர்களின் கைக்குட்டையும் துப்பட்டாவும் மூக்குக்கு ஏறிவிடும். விளக்கு பச்சைக்கு மாறியதும் அவர்கள் போய்விடுவார்கள். புகை போவதில்லை. பக்கத்துக் கடைகளுக்கும் மாடி வீடுகளுக்கும் பின்தெருக்களுக்கும் பரவுகிறது. மூச்சுத்திணறல் உள்ளவர்களும் தேடி வரும் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகம் (நிம்ஸ்) இருப்பதும் இதே பஞ்சாகுட்டாவில்தான்.

ஹைதராபாத் எதைச் சுவாசிக்கிறது? உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2005-ல் தொடங்கிய ஆய்வு இதற்குப் பதில் தேடியது. நெரிசலுக்குப் பேர்போன பஞ்சாகுட்டா, கடைகளும் வீடுகளும் கலந்த சிக்கட்பள்ளி, நகரின் ஓரத்தில் விசாலமாகக் கிடக்கும் ஹைதராபாத் பல்கலைக்கழக வளாகம் ஆகிய மூன்று இடங்களில், மூன்று பருவங்களில், 180 மாதிரிகள் சேகரிக்கப்பட்டன. வடிதாளில் படிந்த தூசியின் வேதிப்பொருள்களை அலசினால், அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். டீசல் கரிக்கு ஒரு கைரேகை, மண்ணுக்கு வேறு, நிலக்கரிக்கு இன்னொன்று.

முடிவு: பிஎம் 10 எனப்படும் தூசியில் (தலைமுடியின் பருமனில் சுமார் ஆறில் ஒரு பங்கு) 60 சதவிகிதத்துக்கும் மேல் வாகனப் புகையும் சாலைப் புழுதியும்தான். நுரையீரலின் ஆழம்வரை போகும் நுண்தூசியான பிஎம் 2.5-ல் வாகனப் புகையோடு ஆலைகளின் நிலக்கரிப் புகையும் எரிக்கப்படும் குப்பையும் கூட்டுச் சேர்கின்றன.

2010-ல் வணிகப் பகுதிகளில் ஒரு கன மீட்டர் காற்றில் சராசரியாக 82 மைக்ரோகிராம் பிஎம் 10 இருந்தது. தொழிற்பகுதிகளில் 96. குடியிருப்புப் பகுதிகளில் 64. நாட்டின் ஆண்டு வரம்பு 60. அதாவது, அமைதியான குடியிருப்புகளும் தப்பவில்லை. ஆனால் சராசரிகள் ஒரு விஷயத்தை மறைத்துவிடுகின்றன: ஒரே பேட்டையில், சாலையைப் பார்த்த வீட்டுக்கும் நான்கு தெரு தள்ளிய வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்.

அந்த வித்தியாசத்தை அளந்து காட்டியது லாஸ் ஏஞ்சலஸ். 2002-ல் வெளியான ஆய்வு, நெடுஞ்சாலையை ஒட்டி மொய்க்கும் மிக நுண்ணிய துகள்கள், காற்று வீசும் திசையில் சுமார் 300 மீட்டர் போன பிறகுதான் சாதாரண அளவுக்கு இறங்குகின்றன என்று கண்டது. விலகிப் போகப் போக அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகின்றன. சுத்தமான காற்றில் கலந்து நீர்த்துப்போகின்றன. ஆக, முதல் சில நூறு மீட்டரில் இருப்பவர்களுக்கே அதிகப் பங்கு.

இந்தத் தூரம் நிலையானதல்ல. குளிர்கால இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ள வெப்பக் காற்று மூடி போட்டதுபோல நிற்கும். புகை மேலே எழ முடியாமல் பக்கவாட்டில் வெகுதூரம் நகரும். இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள் நெருக்கினால், குறுக்கே வீசும் காற்று தெருவுக்குள்ளேயே சுழன்று புகையைச் சுவரோரம் தள்ளும்.

நகரத்துக்கு வெளியே போனால் தப்பிக்கலாமா? ஹைதராபாத்தை அடுத்த 28 கிராமங்களில் 3,717 பேரிடம் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. அங்கே பிஎம் 2.5-ன் சராசரி சுமார் 33. இந்திய வரம்பான 40-க்குள்தான். ஆனாலும் காற்றில் நுண்தூசி அதிகமுள்ளவர்களுக்கு எலும்பின் திண்மை குறைந்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் நிர்ணயித்த அளவு வெறும் 5.

எதுவும் செய்யப்படவில்லை என்று சொல்ல முடியாது. 2005 ஆய்வின் அடிப்படையில் ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் செயல்திட்டம் தயாரித்தது. 2017-ல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10-ஆகக் குறைந்தது.

புழுதிக்கு மட்டும் எந்த விதியும் எட்டவில்லை. சாலையோர மண்ணை ஒரு லாரி கிளப்பும்; அது படிந்ததும் அடுத்த பேருந்து கிளப்பும். மின்சார வாகனத்துக்கும் சக்கரங்கள் உண்டு. 2005 ஆய்வின் முடிவுகளை 2013-ல் வெளியிட்ட சரத் குட்டிகுண்டா குழுவினர், சாலைப் புழுதியையும் குப்பை எரிப்பையும் எளிதில் கட்டுப்படுத்தலாம் என்றே சுட்டிக்காட்டியிருந்தனர். தோண்டிய பள்ளத்தை ஒழுங்காக மூடுவதும், ஓரத்து மண்ணை அள்ளுவதும் பெரிய தொழில்நுட்பம் அல்ல.

இன்னொரு மருந்து தூரம். கலிபோர்னியாவில் 2003-ல் வந்த சட்டம், பரபரப்பான நெடுஞ்சாலையிலிருந்து 500 அடிக்குள் புதிய பள்ளிகள் கட்டுவதைத் தடுக்கிறது. நம் ஊரில் பள்ளியோ வீடோ, ‘மெயின் ரோட்டிலேயே’ இருப்பதுதான் பெருமை. மனை விலையும் அங்கேதான் அதிகம். அந்த விலையில் மூச்சுக்கான கணக்கு சேர்க்கப்படுவதில்லை.