பூமியின் நடுக்கத்தைக் கணக்கெடுத்த இயற்பியல் ஆசிரியர்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். ஜெலுத்தோங்கில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில், சாமி படத்துக்கு முன் தொங்கிய விளக்கு தானாக ஆடியதாம். “எனக்குத்தான் தலை சுத்துதுன்னு நெனச்சேன்” என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். அண்டை வீட்டார் சிலர் படியிறங்கிப் போய்க் கீழே நின்றார்கள். சற்று நேரத்தில் எல்லாம் அடங்கியது. மேலே வந்து சமையலைத் தொடர்ந்தார்கள். மதியம் பத்து ஃபிரிங்கி கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு. கைக்குழந்தையாக இருந்த எனக்குக் காய்ச்சல் கண்டதால் அந்தப் பயணம் நின்றுபோனது.

அன்று மதியம் ஒரு மணியளவில் பினாங்குக் கடற்கரைகளில் சுனாமி அலை ஏறியது. மலேசியாவில் உயிரிழந்த 68 பேரில் 52 பேர் நம் பினாங்கைச் சேர்ந்த இடங்களில் மாண்டார்கள்.

விளக்கு ஆடியதற்கும் அலை வந்ததற்கும் இடையே ஏறக்குறைய நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்தில் நமக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை? பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கத் தொடங்கிய பிறகு இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நிலநடுக்கம் எங்கே நிகழ்ந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தேடிப் படித்தபோது, எதிர்பாராத ஒருவரைச் சந்தித்தேன். அவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், இயற்பியல் ஆசிரியரும்கூட. பெயர் ஜேம்ஸ் மெக்கல்வேன்.

பாதிரியாருக்கு இங்கே என்ன வேலை?

மெக்கல்வேன் இயேசு சபையைச் சேர்ந்தவர். இந்தச் சபை தமிழர்களுக்குப் புதிதல்ல. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் இந்தச் சபைக்காரர். அப்துல் கலாம் இயற்பியல் படித்த திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரி இந்தச் சபையினர் தொடங்கியது. பினாங்கின் செயிண்ட் சேவியர் பள்ளியை நடத்தியவர்கள் லா சால் சகோதரர்கள். ஆனால் அந்தப் பெயருக்குரிய பிரான்சிஸ் சேவியர் இயேசு சபையை நிறுவியவர்களுள் ஒருவர்.

போன இடமெல்லாம் பள்ளியும் கல்லூரியும் கட்டியவர்கள் இவர்கள். கல்லூரி என்றால் இயற்பியல் ஆய்வுக்கூடம் இருக்கும். கருவியைப் பார்த்துக்கொள்ள ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கியிருக்கும் ஆசிரியர் இருப்பார். நிலநடுக்க ஆய்வுக்குத் தேவையானதும் இதுதான். மணிலாவில் 1865இல் இவர்கள் தொடங்கிய வானாய்வகம் புயலையும் நிலநடுக்கத்தையும் பதிவு செய்தது. சிட்னியின் ரிவர்வியூ பள்ளியில் எட்வர்ட் பிகோட் என்ற பாதிரியார் 1909இல் நிலநடுக்க நிலையம் ஒன்றைத் தொடங்கினார்.

அமெரிக்காவில் இந்த வேலையைத் தொடங்கியவர் கிளீவ்லாந்து நகரில் இருந்த ஃபிரெடரிக் ஓடன்பாக். அவருடைய யோசனை எளிமையானது. இயேசு சபைக் கல்லூரிகள் நாடெங்கும் பரவியிருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே வகைக் கருவியை வைத்தால் என்ன? 1909 முதல் பதினைந்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு ஜெர்மனியின் வீக்கர்ட் வடிவமைத்த 80 கிலோ எடைக் கருவி போய்ச் சேர்ந்தது. ஒரு கண்டம் முழுவதும் ஒரே மாதிரிக் கருவிகளைக் கொண்ட வலையமைப்பு அப்போது வேறெங்கும் இல்லை.

ஆடாத எடை, ஆடும் பூமி

அந்தக் கருவியின் அடிப்படை நாம் படிவம் 4இல் படிக்கும் நிலைமம்தான். பேருந்து திடீரென்று கிளம்பும்போது நம் உடல் பின்னால் சாய்கிறது அல்லவா? கால் பேருந்தோடு நகர்கிறது. உடல் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. நிலநடுக்கமானியிலும் அதே கதை. கனமான எடை ஒன்று ஊசலாக நிறுத்தப்பட்டிருக்கும். தரை ஆடும்போது கருவியின் சட்டம் தரையோடு ஆடும். எடை மட்டும் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை நெம்புகோல்கள் பெரிதாக்கி, கரிப்புகை படியவைத்த காகிதத்தில் ஊசியால் கோடாகக் கீறும். காகிதத்தை நாள்தோறும் மாற்ற வேண்டும். நடுக்கம் வந்தாலும் வராவிட்டாலும் மாற்ற வேண்டும்.

அந்தக் கோட்டில் முதலில் தெரிவது முதன்மை அலை. பாறையைப் பிடித்துத் தள்ளியபடி வேகமாக வருவது அது. பின்னால் வருவது இரண்டாம் அலை. பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு மெதுவாக வரும். மின்னலைப் பார்த்துவிட்டு இடி கேட்கும் வரை எண்ணி, இடி எவ்வளவு தூரத்தில் என்று சொல்வோமே, அதே கணக்குதான் இங்கும். இரண்டு அலைக்கும் நடுவே ஒரு விநாடி இடைவெளி என்றால், நிலநடுக்கம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தள்ளி நடந்திருக்கிறது. ஒரு நிமிடம் என்றால் ஏறத்தாழ 480 கிலோமீட்டர்.

ஆனால் ஒரு நிலையத்தின் பதிவைக் கொண்டு தூரத்தை மட்டுமே இப்படிச் சொல்ல முடியும். வடக்கா தெற்கா, கடலா மலையா என்று அந்தக் கணக்கு காட்டாது. நிலையத்தை மையமாக வைத்து வரைபடத்தில் வட்டம் போடலாம், அவ்வளவுதான். இரண்டாவது நிலையத்தின் வட்டம் முதலாவதை இரண்டு இடங்களில் வெட்டும். மூன்றாவது வட்டம் வந்த பிறகே இடம் ஒன்றாகும். எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், பக்கத்து ஊர்க்காரர் தன் பதிவை அனுப்பாவிட்டால் வேலை நடக்காது.

ஓடன்பாக்கின் வலையமைப்பு தடுமாறியதும் இங்கேதான். கருவிகள் இருந்தன. ஆசிரியர்கள் மாற்றலாகிப் போனபோது சில நிலையங்கள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துக் கணக்கிடும் ஏற்பாடு நிலைக்கவில்லை. அதைச் சரிசெய்தவர்தான் மெக்கல்வேன்.

ஒஹாயோவிலிருந்து செயிண்ட் லூயிஸ் வரை

1883இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்த மெக்கல்வேன் 1903இல் இயேசு சபையில் சேர்ந்தார். மிசோரி மாநிலத்தின் செயிண்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே இயற்பியல் கற்பித்தார். 1918இல் பாதிரியாராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1923இல் முனைவர் பட்டம் வாங்கியபோது அவருக்கு நாற்பது வயது. அங்கேயே இரண்டு ஆண்டுகள் நிலநடுக்க நிலையங்களைக் கவனித்துக்கொண்டார்.

1925இல் செயிண்ட் லூயிஸுக்குத் திரும்பிப் புவி இயற்பியல் துறையைத் தொடங்கினார். அமெரிக்காவில் அந்தப் பெயரில் அமைந்த முதல் பல்கலைக்கழகத் துறை அது. அதே ஆண்டில் சிதறிக் கிடந்த நிலையங்களை இயேசு சபை நிலநடுக்கவியல் சங்கமாக மீண்டும் ஒன்றுசேர்த்தார். செயிண்ட் லூயிஸ் அதன் மையமானது. நிலநடுக்கம் வந்ததும் நிலையங்கள் தங்கள் அளவுகளைத் தந்தி மூலம் அனுப்பும். மையத்தில் கணக்கிட்டு, நிகழ்ந்த இடத்தை உலகின் மற்ற நிலையங்களுக்கும் தெரிவிப்பார்கள். எல்லாக் கடிகாரங்களும் ஒரே நேரம் காட்டுவதும் முக்கியம். ஒரு விநாடி பிசகினால் கணக்கு பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்.

இன்றைக்குக் கணினிகள் சில நிமிடங்களில் செய்து முடிக்கும் வேலையை, கல்லூரி ஆசிரியர்கள் வகுப்பு முடிந்த நேரங்களில் காகிதமும் அளவுகோலும் வைத்துக்கொண்டு செய்தார்கள். அதற்காக மெக்கல்வேன் வகுப்பறையை விட்டுவிடவில்லை. நிலநடுக்கவியலுக்கு 1936இல் பாடநூல் எழுதினார். பொதுமக்களுக்காக 1947இல் ஒரு நூல் எழுதினார். அவருடைய மாணவர்களில் ஒருவர் கொலம்பியாவிலிருந்து வந்த ராமிரெஸ் என்ற பாதிரியார். நிலநடுக்கமே இல்லாத நாட்களிலும் கருவியில் தெரியும் மெல்லிய அதிர்வு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அவர் செயிண்ட் லூயிஸில் அளந்து பார்த்தார். கடலில் வீசும் புயலோடு அதற்குத் தொடர்பு இருந்தது. செயற்கைக்கோள் இல்லாத காலம் அது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படை இதைக் கொண்டு கரீபியன் கடலில் புயல்களைத் தேட முயன்றது.

“நமக்குத்தான் நிலநடுக்கம் வராதே”

செயிண்ட் லூயிஸ் எங்கே இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அது கலிஃபோர்னியாவோ ஜப்பானோ அல்ல; புவித்தட்டுகள் உரசும் எல்லையிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி இருக்கும் ஊர். ஆனாலும் அதற்குத் தெற்கே உள்ள நியூ மாட்ரிட் பகுதியில் 1811, 1812ஆம் ஆண்டுகளில் பெரும் நிலநடுக்கங்கள் அடுத்தடுத்து வந்திருக்கின்றன. நூறு ஆண்டு கடந்தால் மக்கள் மறந்துவிடுவார்கள். கருவி மறக்காது. அமைதியான ஊரிலும் நாள்தோறும் காகிதத்தை மாற்ற வேண்டியிருந்தது அதனால்தான்.

இது நமக்கும் பொருந்தும். மலேசியாவுக்கு நிலநடுக்கம் வராது என்று சொல்லியே வளர்ந்தோம். 2015 ஜூன் 5இல் சபாவின் ரானாவில் 6.0 அளவில் நிலம் நடுங்கி, கினபாலு மலையில் 18 பேர் இறந்தார்கள். பினாங்கு தட்டு எல்லையில் இல்லை. ஆனால் சுமாத்ராவுக்கு அப்பால் அந்த எல்லை இருக்கிறது. 2004 நிலநடுக்கத்தின் மையம் நமக்கு ஏறக்குறைய 540 கிலோமீட்டர் தூரம். அவ்வளவு தூரம் பயணம் செய்யும்போது விரைவான அதிர்வுகள் வழியிலேயே மடிந்துவிடும். மெதுவாக ஆடும் நீண்ட அலைகள் வந்து சேரும். உயரமான கட்டடங்களும் மெதுவாகத்தான் ஆடும். இருபது மாடிக் கட்டடம் ஒருமுறை ஆடி நிற்க ஏறத்தாழ இரண்டு விநாடி ஆகும். இரண்டு ஆட்டமும் ஒத்துப்போகும்போது அசைவு பெருகும். தரைவீட்டில் இருப்பவர் ஒன்றும் உணராதபோது, அடுக்குமாடியில் எங்கள் வீட்டு விளக்கு ஆடியது இதனால்தான்.

அந்த நான்கு மணி நேரம்

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். 2004இல் உலகத்துக்குத் தெரியாமல் போகவில்லை. ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் பதினைந்து நிமிடத்தில் நிலநடுக்கத்தின் இடத்தைச் சொல்லி அறிக்கை விட்டது. முதலில் அதன் அளவை 8.0 என்றுதான் கணக்கிட்டார்கள். உண்மையில் அது 9.1. அதைவிடப் பெரிய குறை, இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடே இல்லாதது. பத்து ஃபிரிங்கியில் நின்றவருக்கும் பாலிக் புலாவ் மீனவருக்கும் நாகப்பட்டினத்துக் கரையில் இருந்தவருக்கும் செய்தி போய்ச் சேரவில்லை. கருவி இருந்தது, பதிவு இருந்தது, கைமாற்றும் வழி இல்லை. 1925இல் மெக்கல்வேன் எதிர்கொண்ட அதே குறை, கடல் அளவுக்குப் பெரிதாகி நின்றது.

அதற்குப் பிறகு மலேசிய வானிலை ஆய்வுத் துறையின்கீழ் சுனாமி எச்சரிக்கை அமைப்பு வந்தது. இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா ஆகியவை 2011 முதல் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கு எச்சரிக்கை அனுப்பி வருகின்றன. 2012 ஏப்ரல் 11 மாலை சுமாத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் கடலடி நடுங்கியபோது பினாங்கின் கட்டடங்கள் மீண்டும் ஆடின. ஆனால் இம்முறை எச்சரிக்கை வந்தது. கடலோரத்தில் இருந்தவர்கள் விலகிப் போனார்கள். அந்த நிலநடுக்கத்தில் பாறைகள் பக்கவாட்டில் நழுவியதால் பெரிய அலை எழவில்லை.

எச்சரிக்கை மணி ஒலித்தும் அலை வராமல் போனால் “வீண் பயம்” என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். 2004இல் அப்படி ஒரு வீண் பயம் கிடைத்திருந்தால் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மாணவர்களுக்கு விட்டுப்போனது

மெக்கல்வேன் 1944இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1953 முதல் அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தின் தலைவராக இருந்தார். 1956 பிப்ரவரியில் காலமானார். அந்த ஒன்றியம் அவர் பெயரில் ஒரு பதக்கம் வழங்குகிறது. மூத்த அறிஞர்களுக்கு அல்ல, ஆய்வுலகில் புதிதாகக் கால் வைத்த இளைஞர்களுக்கு. அமெரிக்க வானிலையியல் கழகமும் அவர் பெயரில் ஒரு பரிசு வைத்திருக்கிறது. அது இன்னும் இளையவர்களுக்கு, இளங்கலை மாணவர் எழுதும் ஆய்வுக் கட்டுரைக்கு. ஓர் ஆசிரியரை இதைவிடப் பொருத்தமாக நினைவுகூர முடியுமா என்று தெரியவில்லை.

இயற்பியல் படித்து என்ன வேலைக்குப் போவாய் என்று உறவினர்கள் கேட்கும்போது, இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. நில அதிர்வு அலைகளை வைத்துக் கடலடியில் எண்ணெய் தேடுகிறார்கள். அடுக்குமாடிகள் ஆடுவதைக் கணக்கிடுகிறார்கள். எச்சரிக்கை மையத்தில் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த நிலைமமும் அந்த அலைகளும்தான்.

அடுத்த முறை உங்கள் வீட்டு விளக்கு காரணமின்றி ஆடினால், முதலில் மேசைக்கு அடியிலோ பாதுகாப்பான இடத்திலோ ஒதுங்குங்கள். கடலோரத்தில் இருந்தால் உயரமான இடத்துக்குப் போங்கள். அறிவிப்பு வரும்வரை திரும்பாதீர்கள். பிறகு நேரத்தைக் குறித்து வையுங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்தில், நீங்கள் உணர்ந்த அதிர்வை நீங்களே பதிவு செய்யலாம். ஐந்து நிமிட வேலை. வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள, நம் பக்கத்திலிருந்தும் ஒரு புள்ளி வேண்டும்.